‘மெசின்’ என்ற பதிவை அழிக்க வேண்டாம்

அன்புள்ள தங்கச்சிமார் இருவருக்கும்,

என் மேசையின் இடப்பக்க லாச்சியில் கண்ணாடி கீறிய பழைய போன் ஒன்று இருக்கிறது. பரிசோதனைக்காக வைத்திருக்கும் ஒலிகளுக்கு நடுவே அதில் ‘மெசின்’ என்றொரு பதிவு உண்டு. பதினொரு நிமிடம். பாட்டுமில்லை, பேச்சுமில்லை. கேட்கிறவருக்கு ஏதோ கைதவறிப் பதிவானது போலத்தான் இருக்கும். போன கிழமை உங்களில் ஒருவர் அதை அழிக்கப் போனபோது நான் ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டேன். ஏன் என்று கேட்டீர்கள். கடையில் ஆட்கள் நின்றதால் பிறகு சொல்கிறேன் என்றேன். அந்தப் பிறகு இதுதான்.

எழுதலாமா வேண்டாமா என்று பல தடவை யோசித்தேன். இப்படியெல்லாம் எழுதுகிறவர்கள் ஓய்வுபெற்ற பெரியவர்களாக இருப்பார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. இந்த வேலையில் நான்கு வருடம்தான். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருப்பதால் இந்த மாதத்தோடு நிற்கிறேன். திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியாது. உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி இருக்கிறதா என்பதும் தெரியாது. ஆனால் மேசையையும் கொப்பியையும் ஒப்படைத்துவிட்டு, நான் விட்ட பிழையை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் அது முறையில்லை என்று மனம் சொல்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் நம்முடைய வேலை விளையாட்டு மாதிரி. முதலாளி நானா கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து மலிவான இயர்பட்ஸ் மாதிரிகள் ஐந்தாறு கொண்டு வருவார். நாம் அவற்றை வீட்டுக்குக் கொண்டு போய்க் காதில் போட்டுக் கேட்போம். சத்தம் தெளிவா, வெளி இரைச்சலை எவ்வளவு குறைக்கிறது, கதைத்தால் மறுபக்கத்தில் விளங்குகிறதா என்று அரைப்பக்கம் எழுதிக் கொடுப்போம். அதைச் சுருக்கி அட்டையாக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சாமானுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். காதுக்குள் போகிற பொருள் என்பதால் கடையில் யாரும் போட்டுப் பார்த்து வாங்க முடியாது. உப்பளத்தில் வேலை செய்கிறவரும், லொறிக்காரரும், கற்பிட்டியிலிருந்து தோணி வேலைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வருகிறவரும் அந்த அட்டையைத்தான் வாசிக்கிறார்கள். விலை கூடியதை வாங்குகிறவருக்கு ஒன்று சரிவராவிட்டால் இன்னொன்று வாங்கலாம். நம்மிடம் வருகிறவர் பல மாதம் யோசித்துவிட்டு ஒரு தடவைதான் வருவார்.

முதல் மாதம் நான் ஒரு மாதிரியைப் புகழ்ந்து தள்ளியிருந்தேன். நானா அதை வாசித்தார். இரண்டு சோடி பட்ஸை என் முன்னால் வைத்து, ஒரே பாட்டை இரண்டிலும் கேட்கச் சொன்னார்.

“எது நல்லம்?”

“இது. இதுல எல்லாம் நிறைவா இரிக்கி நானா.”

“ரெண்டும் ஒரே சாமான் புள்ள. நீங்க நல்லம் எண்டு சொன்னதுல சத்தத்த ரெண்டு தட்டுக் கூட்டி வெச்சன். வேற ஒண்டும் செய்யல்ல.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, “மத்தது, பாட்டுப் போட்டுப் பாக்காதீங்க. செய்தி வாசிக்கிறதப் போடுங்க. பாட்டு இப்பிடித்தான் இரிக்கணும் எண்டு ஒரு கணக்கும் இல்ல. ஒரு மனிசர்ட குரல் எப்பிடி இரிக்கணும் எண்டு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்” என்றார்.

அன்றிலிருந்து நான் அளவுக்கு மீறிக் கவனமானேன். ஒரு கொப்பி போட்டேன். ஒரே மூன்று பதிவுகள், ஒரே அளவு சத்தம், ஒரே அறை, ஒரே நேரம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மகன் தூங்கும் அந்த ஒன்றரை மணித்தியாலம். காற்று வராமல் யன்னலைச் சாத்துவேன். அவனுக்கு அடிக்கடி சளி பிடிக்கும் என்பதால் ஃபேனும் போடுவதில்லை. கட்டிலின் ஓரத்தில், அவன் கால்மாட்டில் இருந்துகொண்டு கேட்பேன், எழுதுவேன். அந்த ஒழுங்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதையும் மறைக்கக்கூடாது.

அப்படி இரண்டு வருடம் போன பிறகுதான் முந்தலிலிருந்து ஒரு தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள்.

தாய் வீட்டில் பாடசாலைச் சீருடை தைக்கிறவர். மகள் அஸ்ராவுக்குப் பதினாறு முடிந்திருந்தது. சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு. உயர்தரத்தில் கணிதம் படிக்க வேண்டுமானால் புத்தளம் டவுனில் உள்ள பாடசாலைக்கு வர வேண்டும். அதற்குத் தினமும் பஸ் ஏற வேண்டும். அங்கேதான் சிக்கல். சிறு வயதிலிருந்தே திடீர்ச் சத்தம் அவளுக்கு ஆகாது. ஹோர்ன் அடித்தால் உடம்பு முழுக்க நடுங்கும், காதைப் பொத்திக்கொண்டு அந்த இடத்தை விட்டு ஓடத்தான் பார்ப்பாள். ஊர்ப் பாடசாலை நடக்கிற தூரத்தில் இருந்ததால் அதுவரை சமாளித்துவிட்டார்கள்.

“மூணு நாள் போனா தங்கச்சி. மூணு நாளும் பாலாவிச் சந்தியில எறங்கிட்டா. அந்த லொறியளுக்கு நடுவுல காதப் பொத்திட்டு நிண்டாளாம். டொக்டர்ட்டயும் காட்டினோம். காதுல ஒரு பிழையும் இல்லையாம், போகப் போகப் பழகுமாம். எப்ப பழகுறது? வகுப்புத் தொடங்கி ஒரு மாசமாகப் போகுது.”

“உம்மா, என்ட கதைய முழுக் கடைக்கும் சொல்லி முடிஞ்சிதா? வெளியில ரெண்டு ஆட்டோ நிக்கிது, அவங்களுக்கும் சொல்லிட்டு வாங்களன்” என்றாள் அஸ்ரா.

அவள் கூச்சப்படுகிற பிள்ளை இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு அட்டையையும் ஆறுதலாக வாசித்தாள். ஓர் அட்டையில் விரலை வைத்தாள். ‘இரைச்சல் நீக்கம் மிக நன்று. வெளிச்சத்தம் கேட்காது’ என்று எழுதியிருந்தது.

“இத எழுதினது ஆரு?”

“நான்தான்” என்றேன்.

தாயின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப இதையே தாங்க. ஒரு புள்ளையப் பெத்தவ சும்மா எழுத மாட்டா.”

நான் பிள்ளை பெற்றவள் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். என் தோளில் எந்த நேரமும் காய்ந்த பால் கறை இருக்கும்.

ஒன்பதாம் நாள் இருவரும் திரும்பி வந்தார்கள். தாய் பெட்டியை மேசையில் வைத்தார். அஸ்ராதான் சொன்னாள்.

“எஞ்சின் சத்தம் நிக்கிது ராத்தா. அது உண்மை. ஆனா முந்தியெல்லாம் எல்லாச் சத்தமும் கூட்டமா வரும். இப்ப மத்த எல்லாம் ஒதுங்கி நிக்க, ஹோர்ன் மட்டும் தனிய வருது. பெருசா. முந்தி இரிந்ததிலயும் பாக்கக் கூட.”

நான் பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

“யன்னல் பக்கத்துக் காதுல வேற ஒரு கரச்சல். ஆரோ வாய வெச்சு ஊதுற மாதிரி ஊ எண்டு அடிக்கிது. வலது காதுல அது இல்ல. நீங்க ரெண்டு காதிலயும் போட்டுத்தானே பாத்தீங்க?”

“ஓம்” என்றேன்.

பொய். யோசிக்காமல் வந்த பொய்.

தாய் அப்போதுதான் வாயைத் திறந்தார். “வாற திங்கக்கிழம வரல்லாட்டி வரவு டாப்புல பேர வெட்டுவாங்களாம், அதிபர் சொல்லிட்டார். நானும் யோசிச்சிட்டன் தங்கச்சி. இந்தப் புள்ளையப் போட்டு ஏன் வதைக்கணும்? எனக்குப் பக்கத்துல ஒரு மெசினப் போட்டு இருத்திடுவோம். கை நல்ல கை.”

வாயாடியான அஸ்ரா பெட்டியின் மூடியைத் திறந்து, மூடி, திறந்துகொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்குப் போய்க் கொப்பியைத் திறந்தேன். முப்பத்தொரு மாதிரிகள். முப்பத்தொன்றையும் நான் வலது காதில் மட்டும்தான் போட்டுக் கேட்டிருக்கிறேன்.

காரணம் இதுதான். மகன் நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது நியூமோனியாக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சுகமாகி வந்த பிறகும் அவன் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவன் என் இடப்பக்கம் படுத்திருப்பான். அந்தக் காதை மூட எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டரை வயதாகி, ஓடித் திரிகிற பிள்ளையான பிறகும் வரவில்லை. ஒரு காது திறந்திருந்தால் வீட்டுச் சத்தம் எல்லாம் அந்த வழியாக வந்துவிடும். மூடிய காதில் கேட்கிற அமைதியையும் பெட்டியில் எழுதியிருந்த வாசகத்தையும் சேர்த்து, மிச்சத்தை ஊகித்துத்தான் ‘வெளிச்சத்தம் கேட்காது’ என்று எழுதினேன். எல்லா அட்டையும் பொய் என்று சொல்ல மாட்டேன். பலது சரியாகத்தான் இருந்தது. எது சரி, எது அதிர்ஷ்டம் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஒரு தாய் அப்படித்தான் செய்வாள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். செய்யலாம்தான். ஆனால் அட்டையில் அதை எழுதவில்லையே.

மறுநாள் காலை நானா கடைக்குள் நின்றபடி பிளேன்டீயில் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நானா, ஒரு விசயம் சொல்லணும்.”

“வேலைய விடப் போறீங்க.”

“இல்ல. இவ்வளவு நாளும் நான் ஒரு காதுலதான் போட்டுப் பாத்திரிக்கன்.”

பாண் கோப்பைக்குள் விழுந்தது. “எந்தக் காதுல?”

“வலது.”

“அப்ப இடது காதுக்கு வாங்கினவங்க பாவம்” என்று சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். காரணத்தையும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஏசவில்லை. அன்று முழுவதும் அட்டை எங்கே என்று கேட்டவர்களிடம், “கழுவப் போட்டிரிக்கி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“முந்தல் புள்ளைக்குக் காசத் திருப்பிக் குடுத்துருங்க” என்றார்.

“காசக் குடுத்தா அவ பஸ்ஸில போயிருவாவா நானா?”

“போக வைக்கிறது எங்கட வேலையா?”

எனக்கும் அது நம்முடைய வேலைதானா என்று தெரியவில்லை. இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அவர் அலுமாரியிலிருந்து நான்கு மாதிரிகளையும், காதில் செருகும் ரப்பர் மூடிகள் இருந்த பையையும் எடுத்து என் முன்னால் வைத்தார். “போய்ப் பாருங்க. ஆனா ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லிட்டு வாங்க. பாவம் பாத்துப் புதுசா இன்னொரு பொய்யக் குடுத்துட்டு வந்துறாதீங்க.”

தங்கச்சிமாரே, என் நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயிற்சி அதுதான்.

சனிக்கிழமை மகனை மாமியிடம் விட்டுவிட்டு முந்தலுக்குப் போனேன். தென்னந்தோட்டத்து ஓரத்தில் சின்ன வீடு. முன்னறையில் தாய் கால் மெசினில் வெள்ளைச் சட்டைகளுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார். வாசலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன், உள்ளே போனால் தைரியம் போய்விடும் என்று.

“அண்டைக்கு நீ கேட்டதுக்கு ஓம் எண்டு சொன்னன். அது பொய். ஒரு காதுலதான் போட்டுப் பாத்தன்.”

அஸ்ரா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எனக்கு அண்டைக்கே தெரியும். ‘ஓம்’ எண்டுட்டு நீங்க உம்மாவத்தான் பாத்தீங்க.”

பிறகு அவளைப் பாடசாலைக்குப் போவதுபோல எல்லாம் போட்டுக் காட்டச் சொன்னேன். காதில் பட்ஸ் வைத்தாள். அதற்கு மேலே வெள்ளை ஸ்கார்ஃபைக் கட்டி ஊசி குத்தினாள். அந்த நிமிடம் எனக்கு விளங்கிவிட்டது. நானும் வெளியே போனால் ஸ்கார்ஃப் கட்டுகிறவள்தான். நம் கடைக்கு வருகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆனால் பரிசோதனை செய்தது வீட்டுக்குள், வெறும் தலையோடு, ஃபேன்கூட இல்லாமல்.

மேசை ஃபேனை அவளது இடப்பக்கம் வைத்தோம். பிறகு நான் அந்த இடத்தில் இருந்து, ஸ்கார்ஃபுக்கு உள்ளே இடது காதில் மட்டும் போட்டுக் கேட்டேன். ஊ என்று ஊதியது. இரைச்சலை நீக்குகிற பட்ஸில் வெளிப்பக்கம் ஒரு சின்ன மைக் இருக்கும். வெளியே என்ன சத்தம் என்று அது கேட்டு, அதற்கு எதிரான சத்தத்தை உள்ளே விடும். ஃபேன் காற்றில் துணி அந்த மைக்கில் படபடவென்று அடிக்க, அது அதையும் சத்தமென்று நினைத்து ஏதேதோ செய்தது. நாம் இருப்பது எந்த ஊரில்? ஆலங்குடாவில் வெளிநாட்டுக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிற ஊரில். இந்தக் கரையில் இருந்துகொண்டு காற்றைச் சாத்திவிட்டுப் பரிசோதனை செய்திருக்கிறேன்.

இரைச்சல் நீக்கத்தை நிறுத்தியதும் ஊதல் போய்விட்டது. ரப்பர் மூடியில் ஒரு அளவு பெரியதைப் போட்டதும் காது நன்றாக அடைபட்டு, வெளிச்சத்தம் தானாகவே பாதிக்கு இறங்கியது. மலிவான பட்ஸில் பல நேரம் பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கிற வசதியைவிட அந்தச் சின்ன ரப்பர்தான் அதிகம் வேலை செய்கிறது. இதையும் நான் அன்றுதான் படித்தேன்.

“அப்ப ஹோர்ன்?” என்றாள் அஸ்ரா.

குறையும் என்று சொல்ல வாய் போய்விட்டது. நானாவின் முகம் நினைவுக்கு வந்தது.

“ஹோர்ன நிப்பாட்ட இதால ஏலாது. எஞ்சின் மாதிரி ஒரே சீரா வாற சத்தத்தத்தான் இது புடிக்கும். திடீரெண்டு வாறதப் புடிக்காது. ரப்பரால கொஞ்சம் தணியும். அவ்வளவுதான்.”

“அல்ஹம்துலில்லாஹ். ஒரு ஆளாவது ஏலாது எண்டு சொன்னீங்களே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள்.

தாய் மீண்டும் தைக்கத் தொடங்கினார். பழைய மெசின், சரியான சத்தம். நிற்கும், ஓடும், நிற்கும். மகளோ அதற்கு ஒரு முழத் தூரத்தில் கண் கூடச் சிமிட்டாமல் இருந்தாள்.

“இது ஒன்ன ஒண்டும் செய்றல்லையா?”

“இது திடீரெண்டு வராதே ராத்தா. உம்மாட கால் எப்ப அமத்தும், எப்ப எடுக்கும் எண்டு எனக்குத் தெரியும். சின்னப் புள்ளையில இதுக்குக் கீழதான் தூங்குவன்.”

கூட்டமாக வந்த சத்தம் பரவாயில்லை, தனியாக வந்ததுதான் பயம் என்று கடையில் அவள் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஹோர்னை நிறுத்த முடியாது. ஆனால் அதற்குத் துணைக்கு ஒரு சத்தத்தை வைக்கலாம். அவளுக்குத் தெரிந்த ஒரு சத்தத்தை. சரிவருமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதையும் சொல்லிக்கொண்டே பரிசோதனைப் போனை எடுத்து, மடித்த துணியின் மேல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

தாய் பதறிவிட்டார். “என்ட மெசினையா பதியப் போறீங்க? பொறுங்க, பொறுங்க, எண்ணெய் போட்டுட்டு வாறன். கிழட்டு மெசின், ஆக்கள் கேட்டா என்ன நினைப்பாங்க!”

“வேணாம் உம்மா! எண்ணெய் போட்டா அது ஒங்கட மெசின் மாதிரியே இரிக்காது.”

அப்படித்தான் அந்தப் பதினொரு நிமிடம் வந்தது. இரண்டு சட்டைக் கைகள். நடுவில் ஓரிடத்தில் நூல் அறுந்து, ‘சே’ என்று ஒரு குரல் கேட்கும். அதுவும் இருக்கட்டும் என்றாள் அஸ்ரா.

கொண்டு போன நான்கையும் அந்தப் பதிவை வைத்தே பார்த்தோம். நான் கொப்பியில் முதலிடம் கொடுத்திருந்த மாதிரி, மெசினைப் பறை அடிப்பது போல ஆக்கியது. அவள் இரண்டு நொடியில் கழற்றிவிட்டாள். ‘கனம் போதாது’ என்று எழுதி நான் நாலாவதாக ஒதுக்கியிருந்த பட்ஸில் ஊசி இறங்குவதும் சில்லு சுற்றுவதும் வேறுவேறாகக் கேட்டன. “இதுதான் உம்மா” என்றாள். அதற்குப் பெயர் தெரிந்த கம்பனியும் இல்லை, பெட்டியில் பெரிய வசனமும் இல்லை.

அதன் பிறகு நான் எழுதிய அட்டைகள் நீளமாகிவிட்டன. நானா இடமில்லை என்று புறுபுறுப்பார். எங்கே இருந்து கேட்டோம், தலையில் துணி இருந்ததா, காற்று இருந்ததா, எதை இந்தச் சாமானால் செய்ய ஏலாது, எல்லாவற்றையும் எழுதுங்கள். பஸ்ஸில் யன்னல் ஓரத்து சீட்டில் ஒரு தடவையாவது போட்டுக்கொண்டு போய் வாருங்கள். பாதையைக் கடக்கும்போது கழற்றிவிடச் சொல்லி வாங்குகிறவரிடம் வாயாலும் சொல்லுங்கள். பழைய முப்பத்தொன்றையும் நான் மறுபடி பார்த்து முடிக்க ஏழு மாதம் எடுத்தது. கொப்பியில் சிவப்பு மையில் இருப்பது அதுதான். சிவப்பு நிறைய இருக்கிறது. வாசித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ என்று யோசிக்காமல் இல்லை.

அஸ்ராவின் கதை அழகாக முடிந்தது என்று நீங்கள் நினைத்துக்கொள்ளவும் கூடாது. இப்போதும் சில நாட்களில் அவள் பாலாவியில் இறங்கிவிடுவதுண்டு. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவாள். ஆனால் டாப்பில் பேர் இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன்.

அதிகாலையிலேயே முந்தலுக்குப் போய் அவளோடு பஸ் ஏறினேன். அவள் யன்னல் பக்கம், நான் பக்கத்தில். மெசின் பதிவை அவளுடைய போனுக்கும் அனுப்பியிருந்தேன். இருவரும் ஒரே நேரத்தில் தட்டினோம். வலது காதில் வைத்தேன். இடது பட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு அதையும் வைத்து ஸ்கார்ஃபை இழுத்துவிட்டேன். மகன் பிறந்த நாளிலிருந்து இரண்டு காதும் மூடியது அன்றுதான் முதல் தடவை.

கொண்டக்டர் வாயைத் திறந்து திறந்து மூடினார். “இஸ்ஸரஹாட்ட, இஸ்ஸரஹாட்ட” என்று சனத்தை முன்னுக்குத் தள்ளுகிறார் என்பது கையசைப்பில்தான் விளங்கியது. காதுக்குள் அஸ்ராவுடைய உம்மாவின் கால் மெசினை அமத்திக்கொண்டிருந்தது. மடியில் இருந்த என் போனையே பார்த்தேன். மாமி எடுத்தால் அதிரும். அதிரவில்லை. அதிராமல் இருப்பது நல்லதா, மாமிக்கு எடுக்க நேரமில்லாத அளவுக்கு ஏதாவது நடந்துவிட்டதா என்று மனம் ஓடியது. மகன் எழும்பியிருப்பான். என்னைத் தேடியிருப்பான். பால் குடித்தானோ தெரியாது.

பாலாவிச் சந்தி வந்தது. சீமெந்து லொறியும் உப்பு லொறியும் பஸ்ஸின் இரண்டு பக்கமும் வந்து நின்றன. எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. இடது காதிலிருந்ததைப் பிடுங்கினேன். சரியாக அந்த நேரம் பார்த்து லொறிக்காரர் ஹோர்னை அமத்தினார். நான் சீட்டிலிருந்து துள்ளிவிட்டேன்.

திரும்பி அஸ்ராவைப் பார்த்தேன். கண்களை இறுக்கி மூடியிருந்தாள். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தன. ஆனால் கை காதுக்குப் போகவில்லை, புத்தகப் பையைப் பிடித்தபடியே இருந்தது. அவளுடைய வலது கால் பஸ்ஸின் தகரத்தில் மெதுவாக அமத்தி எடுத்து, அமத்தி எடுத்துக்கொண்டிருந்தது.

பஸ் புறப்பட்டது. சந்தி பின்னால் போனது. அவள் இறங்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது. கண்ணைத் திறந்தாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் உள்ளங்கையில் கிடந்த பட்ஸைப் பார்த்தாள். திறந்திருந்த என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்கு விடை சொல்வது போலச் சொன்னாள்:

“ராத்தா, ரெண்டு காதிலயும் போடுங்க.”

போட்டேன். புத்தளம் வரும் வரைக்கும் கழற்றவில்லை.